மென்பொருள் உரிமமும் நுகர்வோர் உரிமையும்: ஓசூர்ப் பட்டறைகளை முன்வைத்து ஒரு வரலாறு

ஒரு லேத் பட்டறைக்காரர் வாங்கும் இயந்திரம் அவருக்குச் சொந்தம். அதைப் பிரித்துப் பார்க்கலாம், பழுதுபார்க்கலாம், தேவையில்லாதபோது விற்கலாம். அதே இயந்திரத்துக்காக அவர் வாங்கும் மென்பொருளின் நிலை வேறு. அதனுடன் வரும் இறுதிப் பயனர் உரிம ஒப்பந்தம், மென்பொருள் அவருக்கு விற்கப்படவில்லை, பயன்படுத்த அனுமதி மட்டுமே தரப்பட்டுள்ளது என்று சொல்கிறது. இரண்டுக்கும் அவர் பணம் கட்டியிருக்கிறார். ஆனால் ஒன்றில் உரிமையாளராகவும் மற்றொன்றில் உரிமம் பெற்றவராகவும் இருக்கிறார்.

இந்த வேறுபாடு எப்படி உருவானது, இந்தியச் சட்டம் அதை எவ்வாறு கையாண்டது, சிறு தொழில்முனைவோருக்கு நுகர்வோர் சட்டத்தின் பாதுகாப்பு ஏன் பெரும்பாலும் கிடைக்கவில்லை என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. எந்திரத் தொழில் அடர்ந்த ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரம் இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது.

ஓசூர்த் தொழில் வட்டாரம்

தமிழ்நாடு அரசு 1971-ஆம் ஆண்டு சிப்காட் நிறுவனத்தைத் தொடங்கியது. அந்நிறுவனம் முதலில் உருவாக்கிய தொழில் வளாகங்களுள் ஓசூரும் ஒன்று. பெங்களூரிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில், மாநில எல்லையை ஒட்டி இவ்வூர் அமைந்துள்ளது. தமிழகப் பக்கம் ஜூஜுவாடியும் கர்நாடகப் பக்கம் அத்திப்பள்ளியும் எல்லை ஊர்கள். அசோக் லேலண்ட், டி.வி.எஸ். மோட்டார், டைட்டன் ஆகியவற்றின் ஆலைகள் இங்கு அமைந்தன. டைட்டன், டாடா குழுமமும் தமிழ்நாடு அரசின் டிட்கோ நிறுவனமும் சேர்ந்து 1984-இல் தொடங்கியதாகும். அன்று தர்மபுரி மாவட்டத்தில் இருந்த ஓசூர், 2004 பிப்ரவரி 9 அன்று உருவான கிருஷ்ணகிரி மாவட்டத்தில் சேர்ந்தது.

பெரிய ஆலைகளைச் சுற்றி அவற்றுக்கு உதிரிபாகம் கடைந்து தரும் சிறு பட்டறைகள் வளர்ந்தன. இவை ஜாப் ஒர்க் முறையில் இயங்குபவை. தொடக்கத்தில் கையால் இயக்கும் லேத்தும் துளையிடும் இயந்திரமுமே இவற்றின் மூலதனம். பின்னர் கணினியால் இயங்கும் சி.என்.சி. இயந்திரங்கள் வந்தன. வேலை தரும் ஆலை, வரைபடத்தைக் காகிதத்தில் அனுப்புவதற்குப் பதிலாகக் கணினிக் கோப்பாக அனுப்பத் தொடங்கியது. அக்கோப்பைத் திறக்க ஒரு வரைவு மென்பொருளும், அதிலிருந்து இயந்திரத்துக்கான கட்டளை நிரலை உருவாக்க இன்னொரு மென்பொருளும் தேவைப்பட்டன. இவ்வாறு மென்பொருள் உரிமம் என்பது அலுவலகக் கணினியைத் தாண்டிப் பட்டறைக்குள் நுழைந்தது.

உரிம ஒப்பந்தத்தின் தோற்றம்

தொடக்கக் காலக் கணினி நிறுவனங்கள் இயந்திரத்துடன் மென்பொருளையும் சேர்த்தே வழங்கின. 1969 ஜூன் மாதம் ஐ.பி.எம். நிறுவனம் இரண்டுக்கும் தனித்தனி விலை வைக்கப்போவதாக அறிவித்தது. மென்பொருள் தனிச் சரக்காக மாறியதில் இது ஒரு திருப்புமுனை. 1976 பிப்ரவரியில் பில் கேட்ஸ் கணினி ஆர்வலர்களுக்கு ஒரு திறந்த மடல் எழுதினார். பணம் கொடுக்காமல் நிரலைப் படியெடுப்பது திருட்டு என்பது அதன் சாரம்.

படியெடுப்பைத் தடுக்கும் நோக்கில் தோன்றிய ஒப்பந்தங்கள் விரைவில் அந்த எல்லையைக் கடந்தன. பெட்டியைச் சுற்றிய நெகிழித் தாளைக் கிழித்தாலே நிபந்தனைகளை ஏற்றுக்கொண்டதாகக் கொள்ளும் முறை வந்தது. நிபந்தனைகளோ பெட்டிக்குள் இருந்தன. இத்தகைய ஒப்பந்தம் செல்லுமா என்ற கேள்வி அமெரிக்காவில் புரோசிடி எதிர் சைடன்பெர்க் வழக்கில் எழுந்தது. தொலைபேசி விவரத் திரட்டு அடங்கிய குறுவட்டு பற்றிய வழக்கு அது. ஏற்க விரும்பாதவர் பொருளைத் திருப்பித் தர வாய்ப்பிருந்தால் ஒப்பந்தம் செல்லும் என 1996-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியது. இணையம் பரவியபின், நெகிழித் தாளைக் கிழிப்பதன் இடத்தை "ஏற்கிறேன்" என்னும் பொத்தான் பிடித்தது. இந்தியாவில் மின்னணு வழியில் உருவாகும் ஒப்பந்தம் அந்த ஒரு காரணத்தால் செல்லாததாகிவிடாது என்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 10அ பிரிவு கூறுகிறது. இது 2009-இல் நடைமுறைக்கு வந்தது.

பட்டறையைக் கட்டும் நிபந்தனைகள்

தொழில்துறை மென்பொருள் ஒப்பந்தங்களில் பொதுவாகக் காணப்படும் நிபந்தனைகள் சில உண்டு. உரிமம் ஒரு குறிப்பிட்ட கணினிக்கு அல்லது ஒரு டாங்கிளுக்கு மட்டுமே உரியது. நிறுவனத்தின் ஒப்புதலின்றி உரிமத்தைப் பிறருக்கு மாற்ற முடியாது. நிரலைப் பிரித்து ஆராயக் கூடாது. பயன்பாட்டைத் தணிக்கை செய்ய நிறுவனத்துக்கு உரிமை உண்டு. மென்பொருளால் இழப்பு நேர்ந்தால், நிறுவனத்தின் பொறுப்பு கட்டிய தொகையைத் தாண்டாது. வழக்கு எழுந்தால் நிறுவனம் குறிப்பிடும் ஊரின் நீதிமன்றத்துக்கே செல்ல வேண்டும்.

பட்டறையில் இவற்றின் விளைவு உடனே தெரியும். டாங்கிள் என்பது கணினியின் பின்புறம் செருகும் சிறு பூட்டு. அது தொலைந்தாலோ பழுதானாலோ, பணம் கட்டி வாங்கிய மென்பொருள் திறக்காது. சி.என்.சி. கட்டுப்பாட்டுக் கருவிகளில் இயந்திரத்தின் அளவுருக்கள் பெரும்பாலும் மின்கலத்தின் துணையால் நினைவகத்தில் தங்குகின்றன. மின்கலம் தீர்ந்து அவை அழிந்தால், நகல் எடுத்து வைத்திராத பட்டறையில் இயந்திரம் வெறும் இரும்பாகிவிடும். சில வசதிகள் கருவிக்குள் ஏற்கெனவே இருந்தாலும், கூடுதல் பணம் கட்டிய பின்பே திறக்கப்படும்.

மாணவர்களும் இந்த வலைக்குள் இருக்கிறார்கள். பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. மாணவர்கள் கல்விப் பதிப்பில் வரைவு மென்பொருளைக் கற்கிறார்கள். அதை வணிக வேலைக்குப் பயன்படுத்த உரிமம் இடம் தராது. ஆட்டோகேட் கல்விப் பதிப்பில் உருவான படத்தை அச்சிட்டால், அது கல்விப் பதிப்பில் உருவானது என்ற வாசகம் பல ஆண்டுகளாகத் தாளின் ஓரங்களில் அச்சாகி வந்தது. அப்படத்தின் ஒரு பகுதியை வணிகப் பதிப்பில் வரைந்த வேறொரு படத்தில் சேர்த்தால், வாசகம் அதற்கும் தொற்றிக்கொண்டது. கற்ற கருவியையே வேலைக்குச் சேர்ந்தபின் பட்டறை வாங்க வேண்டியதாயிற்று.

பதிப்புரிமைச் சட்டம் தந்ததும் தராததும்

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-இல் இயற்றப்பட்டது. 1984-ஆம் ஆண்டுத் திருத்தம் கணினி நிரலை இலக்கியப் படைப்பு என்னும் வகைக்குள் சேர்த்தது. 1994-ஆம் ஆண்டுத் திருத்தம் இரண்டு எதிரெதிரான வேலைகளைச் செய்தது. ஒருபுறம், திருட்டுப் படி என்று அறிந்தே நிரலைப் பயன்படுத்துவோருக்குக் குறைந்தது 7 நாள் முதல் 3 ஆண்டுகள் வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கும் 63ஆ பிரிவைக் கொண்டுவந்தது. மறுபுறம், சட்டப்படி நிரலை வைத்திருப்பவர் அது எதற்காக வழங்கப்பட்டதோ அப்பயன்பாட்டுக்காகப் படியெடுக்கலாம், இழப்பிலிருந்து காத்துக்கொள்ள மாற்றுப்படி வைத்துக்கொள்ளலாம் என்றும் 52-ஆம் பிரிவில் இடமளித்தது.

1999-ஆம் ஆண்டுத் திருத்தம் பயனருக்கு மேலும் சில வழிகளைத் திறந்தது. ஒரு நிரல் மற்றொன்றுடன் இணைந்து இயங்கத் தேவையான தகவல் வேறு வகையில் எளிதாகக் கிடைக்காவிட்டால், அதைப் பெறுவதற்கான செயல் உரிம மீறல் ஆகாது. நிரலின் இயக்கத்தைக் கவனித்து, ஆய்ந்து, சோதித்து அதன் அடிப்படைக் கருத்துகளை அறிவதும் மீறல் அன்று. 2012-ஆம் ஆண்டுத் திருத்தம் மின்னணுப் பூட்டை உடைப்பதைக் குற்றமாக்கியது. ஆனால் பதிப்புரிமையை மீறும் நோக்கம் இருந்தால்தான் அது குற்றம். சட்டம் வெளிப்படையாகத் தடை செய்யாத ஒரு காரியத்துக்காகச் செய்தால் குற்றமில்லை.

ஏட்டில் இவை நல்ல உரிமைகள். குறை ஒன்று உண்டு. ஐரோப்பிய சமூகம் 1991-இல் வெளியிட்ட மென்பொருள் நெறியாணை, மாற்றுப்படி எடுப்பதையும் நிரலை ஆராய்வதையும் ஒப்பந்தத்தால் தடுத்தால் அந்த நிபந்தனை செல்லாது என்று வெளிப்படையாகக் கூறியது. இந்தியச் சட்டத்தில் அத்தகைய வாசகம் இல்லை. ஆகவே நகல் எடுக்கும் பட்டறைக்காரர் பதிப்புரிமையை மீறியவர் ஆகமாட்டார். ஆனால் ஒப்பந்தத்தை மீறியவர் என்று நிறுவனம் அவருக்குக் கடிதம் அனுப்பலாம்.

ஒரே வட்டு, நான்கு பெயர்கள்

மென்பொருள் என்பது பொருளா அல்லவா என்ற கேள்வியை இந்திய நீதிமன்றங்கள் பலமுறை ஆராய்ந்தன. அவ்வழக்குகளுள் முதன்மையானவை வரி வழக்குகள்.

டாடா கன்சல்டன்சி சர்வீசஸ் எதிர் ஆந்திரப் பிரதேச அரசு வழக்கில், 2004 நவம்பர் 5 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. வட்டில் பதிந்து விற்கப்படும் மென்பொருள் ஒரு பொருளே, எனவே மாநில அரசு விற்பனை வரி வாங்கலாம் என்பது தீர்ப்பு.

2008 மே மாதம் நடுவண் அரசு தகவல் தொழில்நுட்ப மென்பொருளைச் சேவை வரிக்குள் கொண்டுவந்தது. இதை எதிர்த்து மென்பொருள் வணிகர் சங்கம் ஒன்று சென்னை உயர் நீதிமன்றத்தை அணுகியது. 2010-இல் வந்த தீர்ப்பு, மென்பொருள் பொருள்தான் என்றாலும் ஒவ்வொரு பரிமாற்றமும் விற்பனையா, சேவையா என்பது இறுதிப் பயனர் ஒப்பந்தத்தின் நிபந்தனைகளைப் பொறுத்தது என்று கூறி, வரி விதிக்கும் அதிகாரத்தை ஏற்றது.

எல்லைக்கு அப்பால், 2011 அக்டோபரில் கர்நாடக உயர் நீதிமன்றம் சாம்சங் எலக்ட்ரானிக்ஸ் வழக்கில் வேறு ஒரு பெயரைச் சூட்டியது. வெளிநாட்டு நிறுவனத்துக்கு மென்பொருளுக்காகத் தரும் பணம் விலை அன்று, பதிப்புரிமைக்கான ராயல்டி. ஆகவே பணம் அனுப்புமுன் வருமான வரி பிடிக்க வேண்டும் என்றது.

பத்தாண்டுகளுக்குப் பின், 2021 மார்ச் 2 அன்று உச்ச நீதிமன்றம் எஞ்சினியரிங் அனாலிசிஸ் சென்டர் ஆஃப் எக்சலன்ஸ் வழக்கில் இதை மாற்றியது. இறுதிப் பயனர் ஒப்பந்தம் வழியாகத் தரப்படும் "உரிமம்", பதிப்புரிமைச் சட்டத்தின் 30-ஆம் பிரிவு சொல்லும் உரிமம் அன்று. அது பதிப்புரிமையில் எந்தப் பங்கையும் மாற்றித் தருவதில்லை, பயன்பாட்டுக்கு வரம்பு மட்டுமே இடுகிறது. ஆகவே தரப்படும் பணம் ராயல்டி ஆகாது, அது பொருளின் விலையே என்று நீதிமன்றம் விளக்கியது.

மாநில அரசுக்கு அது பொருள். நடுவண் அரசுக்குச் சேவை. வருமான வரித் துறைக்கு ராயல்டி. விற்பவருக்கு உரிமம். ஒவ்வொருவரும் தமக்கு வரவு தரும் பெயரையே சூட்டினர். 2017 ஜூலை 1 அன்று சரக்கு மற்றும் சேவை வரி வந்தபின் எல்லைச் சோதனைச் சாவடிகளில் வணிக வரிச் சோதனை நின்றது. பெயர்ச் சண்டையின் வரிப் பகுதியும் தணிந்தது. ஆனால் வாங்கியவருக்கு அது என்ன, அதை அவர் மறுபடி விற்கலாமா என்பவை இவ்வழக்குகளின் மையக் கேள்விகளாக இருக்கவில்லை.

பழைய இயந்திரத்தை விற்கும்போது

பட்டறைத் தொழிலில் பழைய இயந்திரம் கைமாறுவது அன்றாட நிகழ்வு. ஒருவர் தொழிலை விட்டால் இன்னொருவர் அவருடைய இயந்திரத்தை வாங்கித் தொடங்குவார். மென்பொருள் மட்டும் அவ்வாறு கைமாற மறுக்கிறது.

இதில் உலக நீதிமன்றங்கள் இரண்டாகப் பிரிந்துள்ளன. அமெரிக்காவில் வெர்னர் என்பவர் ஆட்டோகேட் பதினான்காம் பதிப்பின் பழைய வட்டுகளை இணைய ஏலத்தில் விற்றார். 2010-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், முதலில் வாங்கியவரே உரிமம் பெற்றவர்தான், உரிமையாளர் அல்லர், எனவே மறுவிற்பனை செல்லாது என்றது. ஐரோப்பிய நீதிமன்றம் 2012 ஜூலையில் யூஸ்டுசாஃப்ட் எதிர் ஆரக்கிள் வழக்கில் நேர்மாறாகத் தீர்ப்பளித்தது. காலவரம்பின்றிப் பயன்படுத்த ஒரே தொகை வாங்கிக்கொண்டு தந்தால் அது விற்பனையே, வாங்கியவர் தம் படியை விலக்கிவிட்டு மறுபடி விற்கலாம் என்றது.

இந்தியாவில், முன்பு விற்கப்பட்ட படியாக இருந்தாலும் அதை விற்கும் உரிமை பதிப்புரிமையாளருக்கே என்ற பொருள்படும் சொற்கள் 1994-இல் சட்டத்தில் இடம்பெற்றன. 1999-இல் அவை நீக்கப்பட்டன. 2021 தீர்ப்பு இந்த நீக்கத்தைக் கவனத்தில் கொண்டது. ஆனால் அது ஒரு வரி வழக்கு என்பதால், பழைய மென்பொருளை விற்கும் பட்டறைக்காரருக்கு நேரடியான கட்டளை எதுவும் அதிலிருந்து பிறக்கவில்லை.

நுகர்வோர் யார்?

நியாயமற்ற நிபந்தனைக்கு எதிராக ஒருவர் இயல்பாக நாடக்கூடியது நுகர்வோர் சட்டம். 1986-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வணிக நோக்கத்துக்காகப் பொருள் வாங்குவோரை நுகர்வோர் என்னும் வரையறையிலிருந்து விலக்கியது. சேவை பெறுவோருக்கு அந்த விலக்கு 2003 மார்ச் வரை இல்லை. மென்பொருள் பொருளா, சேவையா என்பதற்கு இங்கும் விளைவு இருந்தது. சுயதொழில் வழியாகப் பிழைப்பு நடத்துவதற்கென்றே வாங்கியவர் நுகர்வோரே என்ற விளக்கம் 1993-இல் சேர்க்கப்பட்டது.

இந்த விளக்கத்தைச் சோதித்த வழக்கு ஒரு சி.என்.சி. இயந்திரத்தைப் பற்றியது. மகாராஷ்டிரத்தைச் சேர்ந்த லட்சுமி எஞ்சினியரிங் ஒர்க்ஸ் என்னும் சிறு நிறுவனம், கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி. தொழில் நிறுவனத்திடம் சி.என்.சி. கடைசல் இயந்திரம் ஒன்றை 1990-இல் கேட்டிருந்தது. இயந்திரம் தாமதமாக வந்தது, குறையும் இருந்தது என்பது அதன் முறையீடு. மாநில ஆணையம் இழப்பீடு தரச் சொன்னது, தேசிய ஆணையம் அதை மறுத்தது. 1995 ஏப்ரல் 4 அன்று உச்ச நீதிமன்றம், அந்நிறுவனம் நுகர்வோர் அன்று என்று முடிவு செய்தது. ஆனால் அதே தீர்ப்பு சிறு தொழிலாளிக்கு ஒரு வாசலைத் திறந்து வைத்தது. பிழைப்புக்காகத் தாமே ஓட்டுவதற்கு ஆட்டோ வாங்குபவரும், தாமே இயக்குவதற்கு லேத் வாங்குபவரும் நுகர்வோரே. உதவிக்கு ஓரிருவரை வைத்துக்கொண்டாலும் அவர் நுகர்வோர் தகுதியை இழப்பதில்லை.

ஒப்பந்தச் சட்டத்திலும் இதே மதில் உண்டு. 1986-இல் பிரோஜோ நாத் கங்குலி வழக்கில் உச்ச நீதிமன்றம், பேரம் பேசும் வலிமையில் பெரும் ஏற்றத்தாழ்வு உள்ள இடத்தில் வலியவர் திணித்த நியாயமற்ற நிபந்தனை செல்லாது என்றது. உடனே ஒரு விலக்கும் வைத்தது. இரு தரப்பும் வணிகர்களாக இருந்து, ஒப்பந்தம் வணிகப் பரிமாற்றமாக இருந்தால் இக்கொள்கை பொருந்தாது. ஐந்து பேர் வேலை செய்யும் பட்டறையும் பன்னாட்டு மென்பொருள் நிறுவனமும் இந்த வாசகத்தின்படி சம வணிகர்கள். ஒரு பக்கம் நிபந்தனையை எழுதுகிறது. மறுபக்கம் பொத்தானை அழுத்துகிறது.

நியாயமற்ற ஒப்பந்த நிபந்தனைகள் பற்றிச் சட்ட ஆணையம் 1984-இலும் 2006-இலும் அறிக்கை தந்தது. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் "நியாயமற்ற ஒப்பந்தம்" என்பதை முதன்முறையாக வரையறுத்தது. தக்க காரணமின்றி ஒருதலையாக ஒப்பந்தத்தை முறிக்கும் உரிமை, இழப்புக்குப் பொருந்தாத அபராதம், நுகர்வோரைப் பாதகமான நிலைக்குத் தள்ளும் நியாயமற்ற நிபந்தனை ஆகியவை அதில் அடங்கும். நுகர்வோர் தாம் வசிக்கும் அல்லது தொழில் செய்யும் இடத்திலேயே முறையிடலாம் என்பது மற்றொரு முன்னேற்றம். எனினும் நியாயமற்ற ஒப்பந்தம் பற்றிய முறையீட்டை மாவட்ட ஆணையம் விசாரிக்க முடியாது. அது மாநில ஆணையத்தின் அதிகாரம். வணிக நோக்கம் என்னும் விலக்கும் புதிய சட்டத்தில் தொடர்கிறது.

2025 நவம்பரில் பாலி மெடிக்யூர் எதிர் பிரில்லியோ டெக்னாலஜீஸ் வழக்கில், மென்பொருள் உரிமமே நேரடியாக உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது. தன் வணிக நடவடிக்கைகளைத் தானியக்கமாக்க மென்பொருள் வாங்கிய நிறுவனம் நுகர்வோர் அன்று, ஏனெனில் அப்பயன்பாடு லாபம் ஈட்டுவதுடன் பிணைந்தது என்று நீதிமன்றம் கூறியது. 1995-இல் இயந்திரத்துக்கு இடப்பட்ட கோடு, முப்பது ஆண்டுகள் கழித்து மென்பொருளுக்கும் இடப்பட்டது.

பழுதுபார்க்கும் உரிமை

நுகர்வோர் சட்டம் மூடிய வழியில் போட்டிச் சட்டம் ஓரளவு உதவியது. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம், 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் ஏறத்தாழ 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரிபாகங்களையும், பழுதைக் கண்டறியும் மென்பொருள் கருவிகளையும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்காமல் செய்தது குற்றச்சாட்டு. அறிவுசார் சொத்துரிமை என்ற வாதம் அந்நிறுவனங்களைக் காக்கவில்லை. அபராதம் மேல்முறையீட்டுக்குச் சென்றது. ஆயினும் மென்பொருளைப் பூட்டி வைத்துப் பழுதுபார்ப்புச் சந்தையை அடைப்பது சட்ட மீறலாகலாம் என்ற கருத்து நிலைபெற்றது.

2022 ஜூலையில் நடுவண் நுகர்வோர் விவகாரத் துறை, பழுதுபார்க்கும் உரிமைக்கான குழுவை அமைத்தது. வேளாண் கருவிகள், கைப்பேசி மற்றும் மின்னணுப் பொருள்கள், வீட்டு உபயோகப் பொருள்கள், வாகனங்கள் ஆகிய நான்கு துறைகள் எடுத்துக்கொள்ளப்பட்டன. தொழிற்கூட இயந்திரங்கள் அப்பட்டியலில் இல்லை.

சந்தாவும் கட்டற்ற மென்பொருளும்

2016-இல் ஆட்டோடெஸ்க் நிறுவனம் தன் தனி மென்பொருள்களுக்கு நிரந்தர உரிமம் விற்பதை நிறுத்திச் சந்தா முறைக்கு மாறியது. வேறு பல நிறுவனங்களும் இவ்வழியில் சென்றன. சந்தாவில் மறுவிற்பனை என்ற கேள்வியே எழுவதில்லை. பணம் நின்றால் கருவியும் நிற்கும். ஆர்டர் குறைந்த மாதத்தில் பட்டறைக்காரர் லேத்தை மூடி வைக்கலாம். சந்தாவை அவ்வாறு மூடி வைக்க முடியாது.

இதற்கு மாற்று, கட்டற்ற மென்பொருள் இயக்கத்திலிருந்து வந்தது. 1983-இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் குனூ திட்டத்தை அறிவித்தார். 1989-இல் வந்த குனூ பொதுமக்கள் உரிமம், பதிப்புரிமையைக் கொண்டே பயனருக்கு ஓடவிட, ஆராய, மாற்ற, பகிர உரிமை தந்தது. சென்னையில் சி-டாக் நிறுவனம் பாஸ் லினக்சை உருவாக்கியது. பட்டறை வேலைக்கு, வரைவுக்கான ஃபிரீகேட் மென்பொருளின் முதல் முழுப் பதிப்பு 2024 நவம்பரில் வெளிவந்தது. இயந்திரத்தை இயக்கும் லினக்ஸ்சி.என்.சி., அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்ட் தொடங்கிய ஒரு திட்டத்தின் வழிவந்தது. வேலை தரும் ஆலை ஒரு குறிப்பிட்ட நிறுவனத்தின் கோப்பு வடிவத்தையே கேட்கும்போது இவற்றின் பயன் சுருங்கும். ஸ்டெப் போன்ற பொது வடிவத்தில் கோப்பை ஏற்கும் ஆலை, தன் பட்டறைகளுக்கு ஒரு தேர்வைத் தருகிறது.

இன்றைய நிலை

இன்று ஓசூரில் ஒரு சிறு பட்டறைக்காரரிடம் உள்ள உரிமைகளைத் தொகுத்துக் கூறலாம். சட்டப்படி வாங்கிய மென்பொருளுக்கும் அளவுருக்களுக்கும் மாற்றுப்படி வைத்துக்கொள்ள 52-ஆம் பிரிவு துணை நிற்கிறது. பிழைப்புக்காகத் தாமே இயந்திரத்தை இயக்குபவர் என்று காட்ட முடிந்தால், 1995 தீர்ப்பின் துணையோடு நுகர்வோர் ஆணையத்துக்குச் செல்லலாம். அதற்கு, வாங்கிய பட்டியல், உரிம ஒப்பந்தத்தின் அன்றைய நகல், பட்டறையில் வேலை செய்வோர் விவரம் ஆகியவை கையில் இருக்க வேண்டும். பத்துப் பேரை வைத்து வேலை வாங்கும் அளவுக்கு அவர் வளர்ந்துவிட்டால், அந்த வாசல் பெரும்பாலும் அடைபடுகிறது.

பெரிய நிறுவனத்துக்குச் சட்டத்துறை இருக்கிறது. வீட்டுக்குக் கைப்பேசி வாங்குபவருக்கு நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே இருப்பது சிறு பட்டறை. அது கட்டிய பணத்துக்கு என்ன பெயர் என்பதை நீதிமன்றங்கள் தீர்த்துவைத்துவிட்டன. அந்தப் பணத்துக்கு அது எதன் உரிமையாளர் ஆனது என்பதே இன்னும் தீர்க்கப்படாமல் இருக்கிறது.